மாட்டுக் கொம்புக்கு ஓர் ஓட்டெடுப்பு

கேள்வி: மாட்டுக் கொம்புக்குக்கூட சுவிட்சர்லாந்தில் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தினார்களாமே! ஆளத் தெரியாதவர்கள்தானே எதற்கெடுத்தாலும் மக்களைக் கேட்பார்கள்?

பதில்: மக்களைக் கேட்டது அரசு இல்லை ஐயா. அரசைக் கேட்க வைத்தவர் ஜூரா மலைப்பகுதி விவசாயி ஒருவர். கன்றிலேயே கொம்பைச் சுட்டுத் தீய்ப்பதற்கு அவர் தடை கேட்கவில்லை. கொம்போடு மாடும் ஆடும் வளர்ப்பவர்களுக்கு மானியம் கேட்டார். அவிழ்த்துவிட்ட கொட்டிலில் கொம்பு மாடுகள் ஒன்றையொன்று குத்தும், அதிக இடம் விட வேண்டும், செலவு ஏறும். நியாயமான கோரிக்கைதான். 2018 நவம்பர் 25-இல் 54.7 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

மானிய விவகாரம் அரசியல் சட்டம்வரை போவானேன்? அங்கே மத்திய அளவில் மக்களால் சாதாரணச் சட்டம் எதையும் முன்மொழிய முடியாது, அரசியல் சட்டத் திருத்தம் மட்டுமே முடியும். 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்து வேண்டும். போட்டவர் வாக்காளர்தானா என்று உள்ளூராட்சி சரிபார்க்கும். செல்லாதவை கழியும் என்பதால் கூடுதலாகவே திரட்டி வைப்பார்கள். அப்புறம் மக்களிலும் பெரும்பான்மை, மாநிலங்களிலும் பெரும்பான்மை. வெளிநாடுகளில் சுவிஸ் கம்பெனிகள் செய்யும் கேட்டுக்கு அவற்றையே பொறுப்பாக்கும் யோசனை 2020-இல் 50.7 சதவீதம் ஓட்டு வாங்கியும் தோற்றது. பெரும்பாலான மாநிலங்கள் கைவிரித்துவிட்டன.

நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைத் தடுக்க இத்தனை பாடு வேண்டாம். 100 நாளில் 50,000 கையெழுத்து போதும், மாநிலக் கணக்கும் கிடையாது. என்னைக் கேட்டால் கூரான கொம்பு இதுதான். எவன் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்புவானோ என்ற பயத்தில், சட்டத்தை எழுதும்போதே எதிர்ப்பாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடுகிறார்கள்.

மக்களிடம் விட்டால் கஜானா காலியாகும் என்பீர்கள். சம்பளத்தோடு ஆறு வார விடுமுறை என்றபோது, 2012-இல் 66.5 சதவீதம் பேர் மறுத்தார்கள். உடனே துறவிகள் என்று நினைத்துவிட வேண்டாம்: 2024-இல் ஓய்வூதியத்துக்குப் பதின்மூன்றாவது மாதத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

குறை சொல்வதானால் கொம்பை விடுங்கள். திருமணமானவர்களின் வரி பற்றிய 2016 ஓட்டெடுப்பில், மணமானதாலேயே கூடுதல் வரி கட்டும் இருவர் சம்பாத்தியத் தம்பதிகள் 80,000 ஜோடி என்று அரசு அச்சடித்துக் கொடுத்தது, உண்மையில் 4,54,000. அந்தக் கூடுதல் வரியை நீக்கும் யோசனை மயிரிழையில் தோற்றது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவையே ரத்து செய்தது. அதைவிட மோசம் 1959. பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று ஆண்களிடம் மட்டும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் 'கூடாது' என்றார்கள். பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள்.