லேடெக்குக்கு ஆண்டுச் சந்தாவா?

கே: என் மடிக்கணினிக்குப் பன்னிரண்டு வயது. 2 ஜிபி ரேம், லினக்ஸ். ஆய்வேட்டை லேடெக்கில் (கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்) எழுதப் போகிறேன். "இதுல ஓடாது, புதுசு வாங்குங்க" என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?

ப: வேண்டாம். லேடெக்குக்கு அடித்தளமான டெக்கைக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் எழுதத் தொடங்கியது 1977, 78 வாக்கில். அன்றைய கணினிகளோடு ஒப்பிட்டால் உங்கள் 2 ஜிபி கடல். மெதுவாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம், சின்னதாக ஒரு எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். அப்புறம், பிராசசர் 64 பிட்டா என்று கவனியுங்கள். 64 பிட் பிராசசரில் 32 பிட் லினக்ஸைப் போட்டுவிட்டுக் கணினியைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனே 2025இல் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

கே: லேடெக் நல்லதா, லிப்ரேஆபீஸ் நல்லதா?

ப: விடுப்புக் கடிதத்துக்கு லிப்ரேஆபீஸ். இருநூறு சமன்பாட்டுக்கு லேடெக்.

கே: லேடெக்கும் அதற்கு வேண்டியவையும் அடங்கிய டெக் லைவ் தொகுப்பை நிறுவித் தர ஒருவர் பணம் வாங்கினார், ஆண்டு உரிமம் என்று தனியாகவும் வாங்கினார். இப்போது அப்டேட் செய்தால் பிழை வருகிறது. "உரிமம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கணும்" என்கிறார்.

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள் மேல் தப்பில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை. நிறுவித் தந்த உழைப்புக்குக் கூலி கேட்கட்டும், டிவிடியில் எழுதித் தந்ததற்கும் கேட்கட்டும், அது நியாயம். ஆனால் டெக் லைவ் கட்டற்ற மென்பொருள், அதற்கு ஆண்டு உரிமம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நீங்கள் பார்த்த பிழை என்ன தெரியுமா? டெக் லைவ் ஆண்டுக்கு ஒரு பதிப்பாக வரும். புதிய ஆண்டு வந்ததும் பழைய பதிப்பு அப்படியே உறைந்துவிடும், அதன் அப்டேட் கருவி புதிய ஆண்டின் சர்வரைத் தொட்டால் "உன் பதிப்பு பழசு" என்று சொல்லி நின்றுவிடும். அந்த ஆங்கில வரியைக் காட்டித்தான் "உரிமம் முடிந்தது" என்று கதை விடுகிறார்கள். அப்டேட் ஆகாவிட்டாலும் உங்கள் கோப்புகள் நேற்றுப் போலவே பிடிஎஃப் ஆகும், ஓட்டிப் பாருங்கள். புதிய பொதி (கூடுதல் வசதி தரும் துணைத் தொகுப்பு) ஏதாவது வேண்டுமென்றால் புது ஆண்டின் பதிப்பைத் தனி அடைவில் நிறுவுங்கள், பழசை அழிக்க வேண்டியதில்லை. ரசீது இருந்தால் உரிமத்துக்குக் கொடுத்த பணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள்.

கே: நிறுவும்போது டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றுதான் கொடுத்தேன்.

ப: அதனால்தான் நின்றது. சொந்தமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முழுத் தொகுப்பும் இறங்கும், பல ஜிபி. திரையில் வருவதைப் படிக்காமல் சரி கொடுக்கிறவருக்கு எந்த டிஸ்க் வாங்கினாலும் போதாது. சிறிய தொகுப்பை எடுங்கள், ஆவணங்களையும் மூலநிரலையும் விலக்குங்கள், குறைகிற பொதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கே: தமிழ் எழுத்துரு சிடி வாங்கினேன். லேடெக்கில் கொம்பு எல்லாம் இடம் மாறுகிறது.

ப: சிடியில் இருப்பது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவாக இருக்கும். ஓரமாக வையுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம். லேடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல்கள் சில உண்டு; அவற்றில் பிடிஎஃப்லேடெக்கை விட்டுவிட்டு ஸீலேடெக்கில் ஓட்டுங்கள். லுவாலேடெக் என்றால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ்ஸை ரெண்டரராகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு மறுபடி ஊர் சுற்றும்.

கே: டெக் லைவ் ஐஎஸ்ஓ (முழுத் தொகுப்பும் அடங்கிய ஒரே கோப்பு) பென்டிரைவில் ஏற மறுக்கிறது. இடம் இருக்கிறது. பென்டிரைவ் போலியா?

ப: பெரும்பாலும் இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். போலி எப்படி இருக்கும் என்பது எனக்கு அனுபவம். மலிவு என்று "பெரிய" பென்டிரைவ் ஒன்று வாங்கினேன், மறுக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, திறந்தால் பாதிக் கோப்புகள் குப்பை. எஃப்3 என்ற கருவியை ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மைக் கொள்ளளவு தெரிந்தது. அதற்குள் திருப்பித் தரும் கெடு போயிருந்தது. நீங்கள் வாங்கிய அன்றே ஓட்டுங்கள்.