அக்டோபர் 17 பேரணி இருக்கட்டும், அக்டோபர் 2 கிராம சபையைப் பிடியுங்கள்

கேள்வி: நாங்கள் எட்டு நண்பர்கள். உலக வறுமை ஒழிப்பு நாளான அக்டோபர் 17 அன்று ஊரில் பேரணி நடத்த நினைக்கிறோம். எங்கள் ரேஷன் கடையில் வயதானவர்களிடம் ‘அரிசி தீர்ந்துபோச்சு’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாங்கியதாகப் பில் போட்டுவிடுகிறார்கள். தகவல் உரிமை மனு போட்டுத் தர ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மனுவுக்கு ஆகும் செலவு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் தபால் செலவும்தான். வெள்ளைத் தாளில் கையால் எழுதலாம். வக்கீல் வேண்டாம், எதற்குக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லவும் வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு மனு போடுகிறவர்கள் அதோடு நிற்பதில்லை. மனு நகலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பேரம் பேசுவார்கள். படிந்துவிட்டால் ‘மனுவைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று உங்கள் பெயரிலேயே கடிதம் போகும். முதல் நாளே வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பது இதற்குத்தான். இன்னொரு வித்தையும் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ஏதாவது ஒரு பாட்டி பெயரில் மனுவைப் போட்டு 10 ரூபாயை மிச்சம் பிடிப்பார்கள். அடுத்த மாதம் அதே கடை வாசலில் போய் நிற்கப்போவது அந்தப் பாட்டி. மனு உங்கள் எட்டுப் பேரில் ஒருவர் பெயரில் போகட்டும்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். வீடு வீடாகப் போய் இரண்டு மாதக் கணக்கை எழுதுங்கள்: என்ன அட்டை, எந்தத் தேதியில் பில் குறுஞ்செய்தி வந்தது, அதில் எத்தனை கிலோ, கைக்கு வந்தது எத்தனை கிலோ. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ அரிசி வந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தியே வருவதில்லை என்று யாராவது சொன்னால், அட்டையில் யாருடைய கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் பலர் யாரோ ஒருவர் எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

இனி மனு. பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் நடத்துகின்றன. எனவே எல்லோரும் சங்கத்துக்கே மனு அனுப்புகிறார்கள். ‘இச்சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று ஒரு வரியில் பதில் வரும். அதில் சட்டப்படி கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கேரளத்தின் தாலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், அரசின் பெருமளவு நிதியோ கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் ‘பொது அதிகார அமைப்பு’, அதாவது தகவல் உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தும் அமைப்பு, ஆகாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, சங்கத்திடமிருந்து கூட்டுறவுப் பதிவாளர் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய தகவலை அவர் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தப் பாதியை எந்த அலுவலகமும் உங்களுக்குச் சொல்லாது. சங்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வட்ட வழங்கல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு, அவ்வளவுதான்.

‘ஏன் அரிசி தரவில்லை’ என்று கேட்டால் மனு செத்தது. காரணம் சொல்வது அவர்கள் வேலை இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் வேலை. ‘ஜூன், ஜூலை மாதங்களில் இன்ன எண் கடைக்குக் கிடங்கிலிருந்து வந்த அரிசி எத்தனை கிலோ, நாள்வாரியாக விற்ற அளவு எவ்வளவு, இருப்புப் பதிவேட்டின் நகல்’ என்று கேளுங்கள். அட்டைதாரர் பெயர்களைக் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். பெயர்கள்தான் உங்கள் நோட்டில் இருக்கின்றனவே.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். ஆணையத்தில் உங்கள் முறை வருவதற்குள் அந்த அரிசியைப் பற்றி ஊரே மறந்திருக்கும்.

அதனால்தான் அக்டோபர் 2 கிராம சபை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-உழவர் அமைப்பு 1994 முதல் செய்தது இதைத்தான்: கூலிப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயருக்கு நேரே கூலி இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கே விதை அங்கேதான் விழுந்தது. ரேஷன் கடையைச் சமூகத் தணிக்கை செய்ய, அதாவது ஊர் மக்கள் முன்னால் கணக்கைச் சரிபார்க்க, 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அதைத் தீர்மானமாகக் கேட்டு ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே மனு கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் இருந்தால்தான் சபை செல்லும். ஆள் திரட்டும் வேலை உங்களுடையது. வந்ததும் வருகைக் கையெழுத்து வாங்குவார்கள், தீர்மானத்தைப் ‘பிறகு எழுதிக்கொள்கிறோம்’ என்பார்கள். விடாதீர்கள். எழுதவைத்து, வாசிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனுவை ஆகஸ்ட் 25க்குள் அனுப்பிவிட்டால் பதில் கையில் இருக்கும்போதே அக்டோபர் 2 வரும். பதில் வராவிட்டால் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.