பாலித் தீவின் சடங்கு முகமூடிகள்: ரங்டா தீமையின் முகமா?

கேள்வி: பாலித் தீவின் சடங்கு முகமூடிகள் எப்படித் தோன்றின, அவற்றின் பொருள் என்ன? ரங்டா தீய சக்தி என்கிறார்களே, அந்த முகமூடியை வாங்கி வந்து வீட்டில் மாட்டலாமா?

பத்துபூலான் என்ற ஊரில் காலை நேரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும், பரோங் என்ற விலங்கு உருவத்தின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலர் இதே ஐயத்தோடுதான் திரும்புகிறார்கள். நுழைவுச்சீட்டோடு கொடுக்கப்படும் கதைச்சுருக்கத் தாள், பரோங் நன்மையின் உருவம், ரங்டா தீமையின் உருவம், இருவருக்கும் போர் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறது. முதல் பயணத்தில் நானும் அதை அப்படியே நம்பினேன். அடுத்த முறை கியான்யார் வட்டாரத்தில் மாஸ் என்ற ஊரில், முகமூடி செதுக்கும் குடும்பம் ஒன்றின் வளாகத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தபோதுதான், அந்தத் தாள் எவ்வளவு தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்று புரிந்தது. முகத்தில் என்ன வரைந்திருக்கிறது என்பதைக் கொண்டு பாலிக்காரர்கள் முகமூடியின் பொருளைச் சொல்வதில்லை. அது எந்த மரத்தில் செய்யப்பட்டது, அதற்குச் சடங்கு நடந்திருக்கிறதா, எந்தக் கோயிலில் இருக்கிறது, எப்போது வெளியே வருகிறது என்பவற்றைக் கொண்டே சொல்கிறார்கள்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். செதுக்கப்பட்ட முகத்தைப் பாலி மொழியில் 'தபெல்' என்கிறார்கள்; 'தொபெங்' என்றால் முகமூடியும் ஆகும், அதை அணிந்து ஆடும் ஆட்டமும் ஆகும். 'முகமூடி' என்ற நம்முடைய சொல்லில் மறைப்பது என்ற பொருள் தூக்கலாக இருப்பதால், ஆடுகிறவர் தம் முகத்தை ஒளித்துக்கொள்கிறார் என்று நாம் இயல்பாக எண்ணிவிடுகிறோம். அங்கே கணக்கு நேர் எதிரானது. முகம்தான் முதலில் இருக்கிறது. ஆடுகிறவர் தம் உடலை அதற்குச் சிறிது நேரம் இரவல் கொடுக்கிறார்.

தோற்றத்தைப் பற்றிக் கிடைக்கும் சான்றுகள் ஒரே இழையாக வருவதில்லை. பெஜெங் ஊரின் பெனாத்தாரான் சாசிஹ் கோயிலில் 'பெஜெங் நிலா' என்று வழிபடப்படும் பழைய வெண்கல முரசு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மனிதனின் உயரத்திற்கும் மேற்பட்ட அந்த முரசில் அகல விழித்த கண்களும் தொங்கும் காதுகளும் கொண்ட முகங்கள் இணை இணையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவை முகமூடிகள் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், விழித்த முகத்திற்குக் காக்கும் ஆற்றல் உண்டு என்ற எண்ணம் இந்து சமயம் வருவதற்கு முன்பே அத்தீவில் இருந்திருக்க வேண்டும் என்று அவற்றைப் பார்க்கும்போது தோன்றுகிறது. எழுத்துச் சான்று 'பெபெத்தின்' என்ற ஊரின் கி.பி. 896 ஆம் ஆண்டுச் செப்பேட்டில் வருகிறது. முழவு கொட்டுவோர், பாடுவோர், நிழற்பாவை ஆட்டுவோர் ஆகியோரோடு 'பர்தபுகான்' என்று முகமூடி ஆட்டக்காரர்களையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அது ஒரு தொழிலாக இருந்திருக்கிறது.

இன்று நாம் காணும் தொபெங் ஆட்டத்தின் வடிவம் பாலியை ஆண்ட கெல்கெல் அரசின் காலத்தோடு தொடர்புடையது. 16 ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஜாவாவின் பிளம்பங்கான் மீது படையெடுத்த தளபதி ஜெலந்திக் ஒரு பேழை நிறைய முகமூடிகளைக் கொண்டுவந்தார் என்றும், அவருடைய வழியினர் அடுத்த நூற்றாண்டில் அவற்றை அணிந்து ஆடத் தொடங்கினார்கள் என்றும் மரபு கூறுகிறது. பிளாபாத்து ஊரின் பெனாத்தாரான் தொபெங் கோயிலில் அம்முகங்கள் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன.

இவை எதிலும் அடங்காத ஒன்று பாத்தூர் ஏரிக்கரையில் உள்ள துருன்யானில் இருக்கிறது. தங்களை ஜாவா வழியினராகக் கருதாத பழங்குடிப் பாலியரின் ஊர் அது. மணமாகாத இளைஞர்கள் 42 நாள் விரதமிருந்து, உலர்ந்த வாழை இலைகளை உடல் முழுக்கக் கட்டிக்கொண்டு, பழைய முகங்களை அணிந்து, கையில் சாட்டையோடு கோயிலைச் சுற்றி வருவார்கள். 'பரோங் புருத்துக்' என்பது இதன் பெயர். சாட்டையடிக்குத் தப்பி அந்த இலையில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு ஓடுவதற்கு ஊரே முண்டியடிக்கும், ஏனெனில் அந்த இலைத் துண்டு நோய் தீர்க்கும் காப்பு. கதையோ வசனமோ எதுவும் இதில் கிடையாது.

செய்முறைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி இதுதான், அதனால் இதில் சற்று நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சடங்கு முகமூடிகளைப் பெரும்பாலும் 'புலே' என்ற மரத்தில்தான் செய்கிறார்கள். எனக்கு இடம் கொடுத்த தச்சர் தம் வளாகத்துச் சுவரோரம் நின்ற மரத்தைக் காட்டியபோது, ஒரே கணுவில் வட்டமாக ஏழு இலை விரிந்திருந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அது நம் ஏழிலைப்பாலை. குமரியிலும் கேரளத்திலும் யட்சி குடியிருப்பதாகப் பாட்டிமார் அஞ்சும் அதே மரம். பாலியிலும் அது கோயில் வளாகங்களிலும் சுடலைகளின் அருகிலும் நிற்கிறது. அங்கும் இரவில் அதன் அடியில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மரம் மென்மையானது, எடை குறைந்தது, செதுக்க எளிதானது என்பவை நடைமுறைக் காரணங்கள். ஆனால் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. தண்டில் புடைத்து வளர்ந்த பகுதியை மரம் கருவுற்றிருப்பதற்கு ஒப்பிடுகிறார்கள். நல்ல நாள் பார்த்து, படையல் வைத்து, மரத்திடம் இசைவு கேட்டு, அந்தப் பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். மரம் பிழைத்திருக்க வேண்டும். தாய் மரம் உயிரோடு இருக்கும் வரை அதற்கும் முகமூடிக்கும் உறவு நீடிக்கிறது.

செதுக்குகிறவர் தரையில் அமர்ந்து, கட்டையை இரு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வேலை செய்வார். மேசையும் பட்டறைப் பிடியும் அங்கே கிடையாது. கரடுமுரடான வேலைக்கு உளி, நுண்ணிய வேலைக்குச் சிறு கத்தி. வண்ணம்தான் பொறுமையைச் சோதிப்பது. பழைய முறையில் சுட்ட எலும்பை அரைத்து வெள்ளை, விளக்குக் கரியில் கறுப்பு, சீனத்திலிருந்து வந்த சிவப்புப் பொடி ஆகியவற்றை மீன் பசையில் குழைத்து, ஒரு பூச்சு உலர்ந்த பிறகு மறு பூச்சு என்று பல பத்து முறை பூசுகிறார்கள். அப்படிப் பூசிய முகத்தில் ஈரத் தோலைப் போன்ற ஒரு மினுமினுப்பு வருகிறது. அக்ரிலிக் பூசிய கடைச் சரக்கை அதன் அருகில் வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் அது வெறும் கட்டைதான். தூய்மைச் சடங்கு நடக்க வேண்டும். அதன் பின் 'பசுபதி' என்று சிவன் பெயராலேயே வழங்கும் சடங்கின் மூலம் அதற்கு உயிரூட்ட வேண்டும். பரோங், ரங்டா போன்ற பெரிய முகங்களுக்கு நள்ளிரவில் சுடலையில் இன்னுமொரு சடங்கு உண்டு. இவற்றையெல்லாம் கடந்த முகமூடியைத் 'தெங்கெத்' என்கிறார்கள். ஆற்றல் ஏறியது, அணுகுவதற்கு அச்சம் தருவது என்று அதை விளக்கலாம். அது வெள்ளைத் துணி சுற்றப்பட்டுக் கூடையிலோ பெட்டியிலோ கோயிலில் இருக்கும். பாலி நாட்காட்டியின் 210 நாள் சுழற்சியில் ஒருமுறை வரும் 'தும்பெக் வாயாங்' நாளில் பாவைகளோடு சேர்ந்து அதற்கும் படையல் உண்டு. வண்ணம் உதிர்ந்து பழுது பார்க்க வேண்டியிருந்தால், முதலில் உள்ளிருக்கும் ஆற்றலை முறைப்படி வெளியேறச் சொல்லிவிட்டு, கட்டையாகிவிட்ட முகத்தைத் திருத்தி, மறுபடி உயிரூட்டுவார்கள். நம் ஊர்க் கோயில்களில் குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்வதை அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி ரங்டா. அச்சொல்லுக்குக் கைம்பெண் என்று பொருள். வடமொழியின் 'ரண்டா'விலிருந்து வந்தது. பிதுங்கிய கண்கள், வளைந்த கோரைப்பற்கள், இடுப்பு வரை தொங்கும் தீ நாக்கு, நீண்ட நகங்கள், கையில் ஒரு வெள்ளைத் துணி. சாலோன் அராங் என்ற கைம்பெண், தன் மகளை மணக்க அஞ்சி எவரும் முன்வராத சினத்தில் கிழக்கு ஜாவாவை ஆண்ட ஏர்லங்கா அரசனின் நாட்டில் கொள்ளை நோயை ஏவினாள் என்பது கதை. ஏர்லங்கா 11 ஆம் நூற்றாண்டின் உண்மையான அரசன். அவனுடைய தாய் மகேந்திரதத்தாவின் நினைவாக எழுப்பப்பட்டதாகக் கருதப்படும் மகிடாசுரமர்த்தினி சிலை பாலியில் குத்ரி என்ற ஊரின் குன்றின் மேல் இருக்கிறது. பிற்காலக் கதை அந்த அரசியையும் சூனியக்காரியையும் துர்க்கையையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஓர் அரசிக்கு அவள் இறந்த பிறகு இப்படியொரு பெயர் வாய்த்தது கொடுமைதான்.

ஆனால் கதையில் அஞ்சப்படும் அந்த முகம் கோயிலில் வழிபடப்படுகிறது. பல ஊர்களில் ரங்டாவின் முகம் பரோங்கின் முகத்தோடு ஒரே கோயிலில், அதே மதிப்போடு வைக்கப்பட்டிருக்கிறது. ஊரை நோயிலிருந்தும் ஏவலிலிருந்தும் காப்பது இருவருடைய வேலையும்தான். இந்த ஆட்டத்தில் வரும் பரோங் வகையான பரோங் கெத் 'பனஸ்பதி ராஜா' எனப்படும். நம் 'வனஸ்பதி' அதில் ஒளிந்திருப்பது தெரிகிறதல்லவா? காட்டின் தலைவன். நம் கோயில்களில் காணும் கீர்த்திமுகத்தை ஒத்த முகம், மனித முடியால் ஆன தாடி, இரண்டு ஆட்கள் உள்ளே நின்று தூக்கும் உடல். அதன் ஆற்றல் அந்தத் தாடியில் இருப்பதாக நம்புகிறார்கள்; தாடியை நனைத்த நீர் மருந்தாகிறது. ஆட்டத்தில் ரங்டாவின் மந்திரத்தால் குறுவாள் ஏந்திய வீரர்கள் வாளைத் தங்கள் மார்பின் மேலேயே திருப்பிக்கொள்வார்கள், பரோங் அவர்களைக் காக்கும், பூசாரி நீர் தெளித்து அவர்களை நினைவுக்குக் கொண்டுவருவார். யாரும் வெல்வதில்லை. இரட்டைகளில் ஒன்று மற்றொன்றை அழித்துவிட முடியாது என்ற 'ருவா பினேதா' கொள்கையைத்தான் கோயில் சிலைகளில் சுற்றியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியும் சொல்கிறது.

சுற்றுலா ஆட்டத்திற்கு எடுத்துக்கொள்ளப்படும் கதையும் இதையே சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. குந்தி வளர்த்த இளைய மகன் சகாதேவனைச் சுடலையில் இருக்கும் துர்க்கைக்குப் பலி கொடுக்கக் கொண்டுபோகிறார்கள். இதன் மூலமான பழைய ஜாவானியக் கதையில், சிவனின் சாபத்தால் துர்க்கையாகிக் கிடந்த உமையைச் சகாதேவன் சாபம் நீக்கி மீட்கிறான். அந்தக் கோர முகத்தின் அடியில் உமை இருக்கிறாள். கதைச்சுருக்கத் தாளுக்கு இதற்கு இடமில்லை.

பரோங்கும் ரங்டாவும் புகழ் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், சடங்குக்கு இன்றியமையாத முகம் வேறொன்று. அதன் பெயர் சிதகார்யா. வெளிறிய முகம், இடுங்கிய கண், துருத்திய பல். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கெல்கெல் அரசன் வாதுரெங்கொங் பெசாகிஹ் கோயிலில் பெருவேள்வி நடத்தியபோது, அரசனைத் தன் உறவினன் என்று சொல்லிக்கொண்டு கந்தலாடையோடு வந்த அந்தணர் ஒருவரைக் காவலர் விரட்டிவிட, அவர் இட்ட சாபத்தால் பயிர் கருகி நோய் பரவி வேள்வி நின்றுபோனது. தவற்றை உணர்ந்த அரசன் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்க, அவரே எல்லாவற்றையும் சரிசெய்தார் என்பது மரபுக் கதை. அவரைக் 'கெலிங் அந்தணர்' என்கிறார்கள். மலேசியாவில் அது இந்தியர்களை இழித்துச் சொல்லும் சொல் என்பதால் அங்குள்ள தமிழர்களுக்கு உறுத்தும், சிலர் உடனே அவரைத் தமிழராக்கியும் விடுவார்கள். ஆனால் பாலி நூல்களில் கெலிங் என்பது ஜாவாவில் உள்ள ஓர் இடம். அவருக்கு அரசன் வழங்கிய பெயர்தான் சிதகார்யா, அதாவது காரியத்தைச் சித்தியாக்குபவர்.

இன்றும் பெரிய சடங்குகளில் ஒருபுறம் பூசாரி மணியடித்து மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, மறுபுறம் ஒரே ஆட்டக்காரர் திரைக்குப் பின்னால் முகம் மாற்றி மாற்றி அமைச்சராகவும் கிழவராகவும் அரசனாகவும் வருவார். முழு முகங்கள் பேசுவதில்லை; அரசனின் கருத்தை அரை முகம் அணிந்த பணியாள் மக்கள் மொழியில் எடுத்துச் சொல்வார். கோமாளிகளும் கீழ்வாய் இல்லாத அரை முகங்களோடு வந்து ஊர் வம்பு பேசுவார்கள். கடைசியாகச் சிதகார்யா வந்து மஞ்சள் அரிசியையும் காசையும் இறைத்தால்தான் சடங்கு நிறைவுறும். நான் பார்த்த ஒரு நிகழ்வில், அதுவரை கோமாளிக்குச் சிரித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் அந்த முகம் திரையை விலக்கியதும் சிதறி ஓடினார்கள். அகப்பட்ட ஒருவன் கை நிறையக் காசோடும் கண் நிறைய நீரோடும் திரும்பினான். கூட்டத்தில் பெரியவர்கள் பாதிப் பேர் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் பார்க்காவிட்டாலும் அந்த ஆட்டம் நடக்க வேண்டும், ஏனெனில் அது மக்களுக்காக மட்டும் ஆடப்படுவதில்லை. 2015 இல் யுனெஸ்கோ பாலியின் ஆட்டங்களைப் பட்டியலிட்டபோது இந்தச் சிதகார்யா தொபெங்கைப் பாதி புனிதமான வகையிலும், பரோங்கைக் கேளிக்கை வகையிலும் சேர்த்தது. பரோங்கின் முகத்தைக் கோயிலில் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இந்தப் பாகுபாட்டை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

வீட்டில் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் தயங்கித் தயங்கி இதையே தச்சரிடம் கேட்டேன். அவர் விற்பனைக்கென்று செய்து வைத்திருந்த ரங்டா ஒன்றை எடுத்து என் மடியில் போட்டு, "இதற்குள் யாரும் இல்லை" என்றார். கடைகளில் கிடைப்பவை எல்லாம் சடங்கு நடக்காதவை. வாங்கி மாட்டுவதில் தவறில்லை. கோயிலில் இருந்தது, மிகப் பழையது என்று யாராவது மறைவாகக் காட்டினால் மட்டும் வாங்காதீர்கள். அது பொய்யாக இருந்தால் உங்கள் பணம் போகும், உண்மையாக இருந்தால் ஓர் ஊர் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும். என்னுடையது கூடத்துச் சுவரில் இருக்கிறது. மாட்டுவதற்கு முன் சிறிது நேரம் அதைத் தரையில் சாய்த்து வைத்திருந்தேன். அந்தப் படத்தை அனுப்பியபோது தச்சரிடமிருந்து வந்த பதில், அதை உயரத்தில் வைக்கச் சொல்லி ஒரே ஒரு வரி.