சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது: கோளாறு எங்கே?

ஆறு மாதம் சும்மா நின்ற 100 சிசி வண்டி, சோக்கில் மட்டும் ஓடுகிறது, சிக்னலில் நின்றால் துடித்து அணைகிறது என்கிறீர்கள். பதில் கேள்வியிலேயே இருக்கிறது. சோக் காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுகிறது, அதில் ஓடுகிறதென்றால் மற்ற நேரத்தில் பெட்ரோல் போதவில்லை. பெரும்பாலும் கார்புரேட்டரின் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பித்தளைக் குழாய் அடைத்திருக்கும். ஐடிலிங்குக்கு, அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் தருவது அதுதான், ஓட்டை ஊசிமுனை அளவுதான், பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்தாலே போதும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கருப்புக் கரியாகப் படிந்திருந்தால் கதையே வேறு, பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை வடியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் நின்றாலும் ஆச்சரியமில்லை. ஜெட்டைக் கழற்றி கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பி மட்டும் வேண்டாம், பித்தளையில் ஓட்டை பெரிதாகிவிடும் (ஒருமுறை நானே செய்து புது ஜெட் வாங்கினேன்).

அதற்குப் பிறகும் துடித்தால், கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா பாருங்கள். ஐடிலிங்கில் அங்கே லேசாகத் தண்ணீர் தெளித்ததும் சத்தம் மாறினால் அங்குள்ள இணைப்பு ரப்பரையோ ஓரிங்கையோ (வளைய ரப்பர்) மாற்ற வேண்டும். ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகு) கடைசியாகத் தொடுங்கள், எஞ்சின் சூடான பிறகு: மென்மையாக முழுக்க மூடி, சுமார் ஒன்றரை முதல் இரண்டு சுற்று திறந்து, அங்கிருந்து காதால் கேட்டுச் சரிசெய்யலாம். பல மெக்கானிக்குகள் முதலிலேயே அதைத் திருகித்தான் குழப்புகிறார்கள்.