வல்லத்தை விற்காதீர்கள் அண்ணே

திருப்பாலைக்குடியிலிருந்து மகளோடு வந்த ஓர் அண்ணனிடம் போன வாரம் நேரில் சொன்னதுதான் இது. பிள்ளை பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க். தாய்மாமனோ தனியார் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் சீட் பேசி முடித்துவிட்டார். ஆறு லட்சம் ஆகும். 'அனல்மின் நிலையம் வந்தால் உள்ளூர்ப் பிள்ளைக்கு வேலை நிச்சயம்' என்கிறாராம். பணத்துக்கு மீன்பிடி வல்லத்தை விற்கப் போகிறார்கள்.

விற்காதீர்கள் அண்ணே. உங்கள் பக்கத்து உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு 2016-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2021-இல் அந்தத் திட்டத்தையே தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக்கு மாற்ற முடிவெடுத்துவிட்டார்கள். வராத நிலையத்தை நம்பிப் பிழைப்பை விற்பதா?

"நிலக்கரி தீர்ந்துவிடுமா சார்?" என்று கேட்டார். இப்போதைக்குத் தீராது. நம் நாட்டில் பூமிக்கடியில் 35,000 கோடி டன்னுக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. வருடத்துக்கு வெட்டுவது சுமார் 100 கோடி டன். ஆனால் 2070-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்குவதாக நாடு சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் நிலக்கரி எரிப்பது குறைந்தாக வேண்டும். இந்தப் பிள்ளை ஓய்வு பெறும் வயதும் கிட்டத்தட்ட அப்போதுதான். இடைப்பட்ட காலத்தைத்தான் யோசிக்க வேண்டும்.

அதுவரை வாய் திறக்காத பிள்ளை, கருவேல விறகை மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டம் பற்றிப் பேச்சு வந்ததும் கேட்டாள்: "ஒரே மூட்டத்துக் கரிதான். ஒன்று புகைகிறது, ஒன்று புகையாமல் எரிகிறது. ஏன் சார்?"

அதற்குப் பதில் சொல்வதே ஒரு தொழில், எரிபொருள் பரிசோதனை. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பலே 30 முதல் 45 சதவீதம். எரிதிறனைப் பார்த்து 17 தரமாகப் பிரித்து விலை போடுகிறார்கள். தரம் ஒரு படி இறங்கினாலும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தகராறு. அதனால் மூன்றாவது ஆள் ஒருவர் நிலக்கரியின் மாதிரியை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு கிராம் பொடியை மூடிய மூசைக் கிண்ணத்தில் 900 டிகிரியில் ஏழு நிமிடம் வைத்தால், ஈரம் போக, ஆவியாகிப் பறப்பதுதான் அவள் கேட்ட புகை; அது மிஞ்சியிருக்கும் கரி புகைகிறது, மூட்டத்திலேயே போய்விட்ட கரி புகையாமல் எரிகிறது. திறந்த கிண்ணத்தில் 815 டிகிரியில் முழுக்க எரித்தால் மிஞ்சுவது சாம்பல். சிமென்ட் ஆலையிலும் விறகுத்தூள் உருண்டைக்கும் இதே மாதிரியான சோதனைதான். நிலக்கரி போனாலும் இந்தக் கைவேலை போகாது.

முதல் சம்பளம் குறைவு. நிலக்கரி இறங்கும் துறைமுகத்து வெயிலில், கரித்தூசியில் நிற்க வேண்டும். அதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொன்னேன். தலையாட்டினாள்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மாமா அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு தடவை பேசட்டும்.