மனக்காயத்துக்கும் பெண்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

"சிறு வயதில் அடி உதை பட்டு வளர்ந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆஸ்துமா வருமா, இல்லை அது வெறும் பதற்றம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுதத் தோன்றியது. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்தை 1995 முதல் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்றில், 28,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை 2011 வரை பார்த்தார்கள். பதினொரு வயதுக்கு முன் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம், பெரியவர்களான பிறகு புதிதாக ஆஸ்துமா வருவது 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது. உடனே ஒருவர் வந்து, "அப்படியானால் ஆஸ்துமா உள்ள பெண் எல்லோருக்கும் ஏதோ நடந்திருக்கிறது என்கிறீர்களா?" என்று கேட்பார். இல்லை. பரம்பரை, தூசி, வீட்டில் மற்றவர் பிடிக்கும் சிகரெட் புகை, உடல் பருமன் எல்லாம் காரணங்கள்தான். அடி விழும் வீட்டில் புகையும் இருக்கலாம் என்பதால் எது எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதை வைத்து அவருடைய கடந்த காலத்தை யாரும் ஊகிக்கக் கூடாது.

மனசு எப்படி மூச்சுக்குழலைத் தொடுகிறது? 1968-இல் லுபாரெல்லோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்புநீர் ஆவியைக் கொடுத்து, "இது உங்களுக்கு ஒவ்வாத பொருள்" என்று சொன்னார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழல் சுருங்கியது கருவியிலேயே தெரிந்தது. அவர்களில் 12 பேருக்கு முழு இழுப்பே வந்தது. ஆஸ்துமா இல்லாதவர்கள் யாருக்கும் அப்படி ஆகவில்லை. மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக வரும் கட்டளை மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகிறது. தொடக்கம் மனசில் இருந்தாலும் சுருங்குவது குழல்தான். அதற்கு மருந்தும் தேவைதான்.

இது கண நேர விளைவு. நீண்ட கால விளைவு வேறு. பயத்திலேயே வாழும் உடலில், அழற்சியை அடக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனின் ஒழுங்கு கெடுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வீட்டில் ஓயாத நெருக்கடியும் அதன்மேல் திடீர் அதிர்ச்சியும் சேர்ந்தபோது, ஸ்டீராய்டும், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் வகை மருந்தும் போய் ஒட்டும் ஏற்பிகளுக்கான மரபணுச் செயல்பாடு வெகுவாகக் குறைந்திருந்தது. பெண்களுக்கு ஹார்மோனும் சேர்கிறது. சிறு வயதில் ஆண்பிள்ளைகளுக்கே ஆஸ்துமா அதிகம். பருவம் அடைந்த பிறகு அது பெண்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இழுப்பு கூடும்.

பதற்றமா ஆஸ்துமாவா என்பதை வாதாடித் தீர்க்க முடியாது, அளந்துதான் தீர்க்க வேண்டும். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையும் மாலையும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன், நின்றபடி மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும் குறியுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எழுத வேண்டும். காலையில் 300, மாலையில் 350 என்றால் வித்தியாசம் 50, சராசரி 325. ஏறத்தாழ 15 சதவீத ஏற்ற இறக்கம். இப்படி ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு, அவற்றின் சராசரி பெரியவர்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமாவுக்கு ஆதரவான சான்று. அதே தாளில் மாதவிடாய் நாட்களையும், கெட்ட கனவில் விழித்த இரவுகளையும் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிடுங்கள். விவரம் எழுத வேண்டாம், புள்ளி போதும்.

உதடும் விரல்நுனியும் மரத்துப்போய்த் தலை கிறுகிறுத்தால், மூச்சை வேகமாக வாங்கி விட்டதால் கரியமில வாயு குறைந்திருக்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் அடைத்தால் குரல்நாண்கள் தவறாக மூடிக்கொள்ளும் கோளாறையும் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவில் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது வரும். இவை ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

மருத்துவமனையில் ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாய் வைத்து, "ஊது, ஊது, விடாதே" என்று ஒருவர் பக்கத்தில் நின்று சத்தம் போடுவார். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கோ பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கோ இது பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். பாதியில் நின்றுவிட்டால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நடந்ததை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. "முகத்தருகே எதையாவது கொண்டுவந்தால் எனக்குப் பதற்றம் வரும், முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்றால் போதும். கிளிப்புக்குப் பதில் நானே மூக்கைப் பிடித்துக்கொள்ளலாமா, கையை உயர்த்தினால் நிறுத்துவீர்களா, பெண் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நெபுலைசரிலும் (மருந்தை ஆவியாகத் தரும் கருவி) ஸ்பேசரிலும் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) முகமூடிக்குப் பதில் வாயில் வைக்கும் வகை உண்டு. சால்பியூட்டமால் நான்கு பஃப், அதாவது 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. நன்றாக இருக்கும் நாளில் சோதனை சரியாக வந்ததை வைத்து "ஆஸ்துமா இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது.

மருந்தில் கவனிக்க வேண்டியவை சில. படபடப்புக்கு என்று எழுதப்படும் புரோப்ரனோலால் மூச்சுக்குழலைச் சுருக்கும். மனநல மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமாவுக்குத் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவையும் தற்கொலை எண்ணத்தையும் தரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் கடும் எச்சரிக்கை கொடுத்தது. ஏற்கெனவே கனவில் அலறி எழும் பெண்ணிடம் இது எளிதில் கண்ணில் படாமல் போய்விடும். சால்பியூட்டமாலால் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் வரும். பேனிக் அட்டாக் மாதிரியே இருக்கும், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சால்பியூட்டமாலை மட்டும் நம்பி ஓட்டுவதும் ஆபத்து. இன்ஹேலர் வழி ஸ்டீராய்டு இல்லாத ஆஸ்துமா சிகிச்சை வேண்டாம் என்று 2019-இலேயே ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை: எண்ணிக்கை காட்டும் கருவி இல்லாமல் இன்ஹேலர் விற்பதை நிறுத்த வேண்டும். மருந்து தீர்ந்த பிறகும் அதில் காற்று 'புஸ்' என்று வந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. மருந்தே இல்லாததை உறிஞ்சிவிட்டு "மருந்து எனக்குக் கேட்கவில்லை" என்பவருக்கும் கடைசியில் மனநோய்ப் பட்டம்தான் கிடைக்கிறது. 200 பஃப் உள்ளதில் ஒரு நாளைக்கு நான்கு என்றால் 50 நாள். திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள்.

மனக்காயத்துக்கான சிகிச்சையும் இன்ஹேலரும் பக்கத்துப் பக்கத்தில் நடக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று இல்லை. மூச்சுப் பயிற்சி அன்றாட வாழ்க்கையைச் சுலபமாக்கும், குழலின் அழற்சியைக் குறைக்காது. "ஆழமாக மூச்சை இழு" என்று தொடங்கும் பயிற்சி சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். மூக்கால் மெதுவாக இழுத்து, வெளிவிடுவதை நீட்டுவது நல்லது.

நள்ளிரவில் எது என்று பிரித்தறிய முடியாவிட்டால் ஆஸ்துமா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். ஸ்பேசரில் சால்பியூட்டமால் ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் மறுபடியும். பதற்றமாகவே இருந்திருந்தாலும் இந்த அளவால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இரண்டாம் சுற்றிலும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இதேபோல் நான்கு பஃப் எடுத்துக்கொண்டே இருங்கள்.