யஸ்தில் வீணான ஒன்றரை மணி நேரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நானும் என் மனைவியும் போன அக்டோபரில் ஈரான் போய் வந்தோம். இருபத்திரண்டு பேர் கொண்ட குழு, பத்து நாள். தெஹ்ரான், காஷான், இஸ்பஹான், யஸ்த், ஷிராஸ், பெர்சிபோலிஸ். வழிகாட்டி நன்றாகப் படித்தவர். மன்னர்களையும் வருடங்களையும் மளமளவென்று சொன்னார். நாலாயிரம் படம் எடுத்திருக்கிறேன். ஆனால் யாராவது கேட்டால் எல்லாம் ஒரே நீல ஓடாகத்தான் ஞாபகம் வருகிறது. எது எந்த ஊர் என்றே குழம்புகிறது.

இஸ்பஹானில் முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தின் கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை. வழிகாட்டியிடம் கோபப்பட்டேன். அதே ஊரில் ஜுல்ஃபா என்ற பகுதியில் இருக்கும் ஆர்மீனியத் தேவாலயத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டோம், சர்ச் பார்க்கவா ஈரான் போனோம்? யஸ்தில் ஒரு பழைய வீட்டுக்குள் கூட்டிப்போய், ஒரு குழியையும் ஒரு செப்புக் கிண்ணத்தையும் காட்டி ஒன்றரை மணி நேரத்தை வீணடித்துவிட்டார். அக்னிக் கோயிலுக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. ஷிராஸில் கவிஞர் ஹாஃபிஸின் சமாதியில் ஒரு கல்லூரிப் பெண் கல்லின்மேல் இரண்டு விரலை வைத்துக் கண்மூடி நின்றதைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

போவதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும்? நம் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாதது இயல்புதானா?

சிவசாமி

(நடுவே அலெக்சாண்டர் பற்றிய இரண்டு பக்கத்தை வெட்டியிருக்கிறேன்.)

அன்புள்ள சிவசாமி,

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதத்தை இரண்டு மாதமாவது கிடப்பில் போடுவேன். இது வந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். எங்கள் பழைய கிணற்றில் டிராக்டர் டிராக்டராக இடிபாட்டு மண்ணைக் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து போனைத் திறந்தால், ‘ஒரு குழியையும் ஒரு செப்புக் கிண்ணத்தையும் காட்டி’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கென்றது.

முதலில் சில்லறை விஷயங்கள். பெரிய கோயில் ஒப்பீடு வேண்டாம். இருபத்திரண்டு தமிழர்கள் எங்கே போனாலும் ஒருவர் அதைச் சொல்லாமல் திரும்புவதில்லை. ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் 1598இல் தலைநகரை இஸ்பஹானுக்கு மாற்றி, அரைக் கிலோமீட்டர் நீள மைதானத்தைச் சுற்றி மசூதியும் அரண்மனையும் பஜாருமாக எழுப்பியது ராஜராஜனோடு போட்டி போட அல்ல.

பெர்சிபோலிஸை அலெக்சாண்டர் குடிவெறியில் எரித்தானா, பழிவாங்க எரித்தானா என்பதும் எனக்கு முக்கியமில்லை. எரித்தது கி.மு. 330இல். 1933இல் அந்த இடத்தைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான களிமண் வில்லைகள் கிடைத்தன. காவியம் இல்லை, வெறும் ரேஷன் கணக்கு. எந்த வேலையாளுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு ஒயின் என்று ஈலமைட் என்ற பழைய மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தனி அளவு. அதிலும் ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குத் தந்ததைப் போல இரண்டு மடங்கு. பேரேட்டோடு வாழ்ந்த மனிதர் நீங்கள், உங்களுக்கு யாராவது அதைக் காட்டியிருக்க வேண்டும்.

ஜுல்ஃபாவைத் தவறவிட்டதற்குத் திட்டத்தான் வேண்டும். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726இல் பாலம் கட்டினாரே, பரங்கிமலைக்குப் படி வெட்டினாரே ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், அவர் அந்த ஜுல்ஃபாக்காரர். பழைய பாலம் இப்போது இல்லை, படிகள் இருக்கின்றன. நீங்களே ஏறியிருப்பீர்கள்.

உங்கள் மனைவி அழுததற்குக் காரணம் தேடாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம். அந்தப் பத்தியை மட்டும் நான் மூன்று முறை படித்தேன்.

சரி, கிண்ணத்துக்கு வருகிறேன்.

யஸ்துக்கு ஆறு கிடையாது. வருடம் முழுக்க அங்கே பெய்வது, ஐப்பசியில் நமக்கு ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்ப்பதுதான். ஆனாலும் மாதுளையும் பிஸ்தாவும் விளைகிற ஊராக அது நின்றிருக்கிறது. தென்மேற்கே ஷீர்கூஹ் மலை. அதன் அடிவாரத்தில் கிணறு தோண்டி, பனி உருகி மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரைப் பிடிக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாதர் சாஹ், தாய்க்கிணறு. அங்கிருந்து ஊர் வரைக்கும் மண்ணுக்கடியில், ஆள் குனிந்து போகிற சுரங்கம். இதுதான் கனாத். மோட்டார் இல்லை, மாடு இல்லை, ஏற்றம் இல்லை. வாட்டம் ஒன்றுதான். வாட்டம் கூடினால் ஓடுகிற தண்ணீரே சுரங்கத்தை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் தட்டிவிடும். யஸ்த் பக்கத்து ஸார்ச் கனாத் இப்படி 70 கிலோமீட்டருக்கு மேல் போகிறது.

தோண்டுகிறவருக்கு முகன்னி என்று பெயர். வெள்ளை உடுத்திக்கொண்டுதான் இறங்குவார். மண் சரிந்தால் அதுவே கோடித்துணியாகட்டும் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இடைவெளி விட்டு இரண்டு விளக்கு வைத்துக்கொள்வார். திரும்பிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சுரங்கம் நேராகப் போகிறது. இரண்டாகத் தெரிந்தால் கோணிவிட்டது. மூச்சுவிடவும் மண்ணை மேலே எடுக்கவும் வழிநெடுகக் குழிகள். பஸ்ஸிலிருந்து எறும்புப் புற்று வரிசை மாதிரி பார்த்திருப்பீர்கள், யாரும் சொல்லாததால் தூங்கியும் போயிருப்பீர்கள். குனாபாத் என்ற ஊரில் தாய்க்கிணற்றின் ஆழம் 300 மீட்டருக்கும் மேல். ஒப்பீடு வேண்டாம் என்ற நானே சொல்கிறேன், பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நாலு அடுக்கி இறக்கினாலும் உச்சிக் கலசம் வெளியே தெரியாது.

தண்ணீர் வந்துவிட்டது, யாருக்கு எவ்வளவு? அதற்குத்தான் அந்தக் கிண்ணம். அடியில் ஊசித்துளை. பெரிய சட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். துளை வழியாகத் தண்ணீர் ஏறி, கொஞ்ச நேரத்தில் கிண்ணம் முழுகும். ஒரு முழுக்கு ஓர் அளவு. உங்களுக்கு இத்தனை முழுக்கு, பக்கத்துத் தோட்டக்காரருக்கு இத்தனை. இந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், தர்மத்துக்கும் விடலாம். கணக்கு வைக்கிறவர் மீராப். பஞ்சாபில் ஐந்து ஆற்றைச் சொல்கிற அதே ‘ஆப்’தான், தண்ணீர். குலாப் ஜாமூனிலும் அதுவே. நம் நாழிகை வட்டிலும் இதே வேலையைத்தான் செய்தது என்பதை உங்கள் வழிகாட்டிக்குச் சொல்லியிருக்கலாம், மகிழ்ந்திருப்பார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணறு நாலு பங்கு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் போய், ஆயில் இஞ்சின் வந்து, அப்புறம் ஐந்து குதிரைச்சக்தி மோட்டார். ஒரு பங்குக்கு மூன்று மணி நேரம் முறைத்தண்ணி. மணி பார்க்க ஒரு பச்சை அலாரம் கடிகாரம், துண்டில் சுற்றி மோட்டார் ரூம் மாடத்தில் இருக்கும். நான் எட்டாவது படித்த வருடக் கோடையில், சின்ன அப்பாருவின் (தாத்தாவின் தம்பி) முறை முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே அது அடித்தது. அவருடைய கடைசி இரண்டு பாத்திக் கத்தரி நனையவில்லை. மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பதினோரு வருடம் பேச்சு இல்லை. முள்ளைத் திருப்பி வைத்தது எங்கள் அப்பாருதான். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: “நம்ம மொளகா வாடிக் கெடந்துச்சு கண்ணு.” அவ்வளவுதான் சொன்னார்.

கிண்ணமாக இருந்தால் திருப்ப முடிந்திருக்காது என்று 2011இல் யஸ்தில் அந்த வீட்டுக்குள் நின்றபோது நினைத்தேன். துளையில் ஒரு மணல் போதுமே என்று உடனே தோன்றியது. அதனால்தான் பங்குக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

எங்கள் சண்டை எப்படித் தீர்ந்தது தெரியுமா? ஆளுக்கொரு போர்வெல் போட்டார்கள். 600 அடி, 800 அடி, 1,100 அடி. கிணறு வற்றியது, முறையும் இல்லை, சண்டையும் இல்லை. ஈரானிலும் இதே கதை. ஆழ்குழாய்க் கிணறும் பம்பும் வந்து நிலத்தடி நீர் கீழே போக, ஏகப்பட்ட கனாத்துகள் காய்ந்தன. யஸ்த் ஓட்டலில் குளித்தீர்களே, அந்த ஊருக்கு இருபது வருடத்துக்கும் மேலாக இஸ்பஹான் பக்கமிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. நீங்கள் காய்ந்து கிடந்ததாகக் கோபப்பட்ட ஸாயந்தே ரூத் ஆற்றுத் தண்ணீர்தான். அந்தக் குழாயை 2013இல் இஸ்பஹானுக்குக் கிழக்கே உழவர்கள் உடைத்தார்கள். 2021 நவம்பரில், இஸ்பஹானின் காஜூ பாலத்துக்குப் பக்கத்தில், காய்ந்த ஆற்றுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அணை, இரும்பாலை, மழைக்குறைவு என்று காரணம் நிறைய உண்டு. ஆனால் வழிகாட்டியிடம் கோபப்பட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதை அப்புறம் எழுதுகிறேன். இப்போதைக்கு அந்த வழிகாட்டியின் எண் இருந்தால் ஒரு வார்த்தை நன்றி சொல்லி அனுப்புங்கள். அப்புறம், நாலாயிரம் படத்தில் அந்தக் கிண்ணம் ஒன்றிலாவது விழுந்திருக்கும். உள்பக்கம் கோடுகள் போட்டிருந்ததாக ஞாபகம், எத்தனை என்று நான் எண்ணவில்லை. கோடு தெரிகிற படமாகப் பார்த்து அனுப்புங்கள்.